கொப்பியில் இல்லாத வீடு

கையில் மணிக்கூடு கட்டியிருக்கிற ஒரு மனுசன் ஊரெல்லாம் மணி கேட்டுத் திரிந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நான் நல்லதாக எதையும் நினைக்கவில்லை.

காலையில் எங்கள் கரையோரச் சல்லிக் கிராமத்துச் சந்தியில் பாண் விற்கிற ஓட்டோ வந்து நிற்கும். சனம் பாணை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும். அவர் மட்டும் பாணைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்று பாண்காரரைக் கேட்பார்.

“அண்ணை, மணி என்ன?”

“ஆறேகால்.”

“என்னைக் கண்டனீங்கள்தானே? நான் இதிலதான் நிண்டனான்.”

“ஓமப்பா, கண்டனான். விடியக்காலையில என்ர உயிரை எடுக்காதையும்.”

அதற்குப் பிறகு சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அளவில் ஒரு கொப்பி வெளியே வரும். பென்சில் துண்டால் எழுதுவார்: ஆறேகால், சந்தி, பாண்காரர். எழுதி முடிந்தால்தான் கால் நகரும். சலூனில் ஒரு பக்கம் மழித்து மறுபக்கம் நுரையோடு இருக்கும்போதும் கண்ணாடியில் தெரிகிற ஆட்களிடம் மணி கேட்பார். நிலாவெளி பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டரிடம் கேட்பார். ஒருநாள் அந்தக் கொண்டக்டர் பஸ் முழுக்கக் கேட்க, “அண்ணை, உங்களுக்கு நான் ரிக்கற் கிழிக்கிறதோ, நற்சாட்சிப் பத்திரம் எழுதித் தாறதோ?” என்றார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கொப்பியில் எழுதினார்.

சிரித்த சனமெல்லாம் வீட்டுக்குப் போய் யோசித்தது. எங்கள் பக்கத்தில் ஒருவருடைய பெயர் இன்னொருவருடைய கொப்பியில் இருப்பது சின்ன விசயமா? போர்க்காலத்தில் எத்தனை பேரை அப்படி எழுதின கொப்பிகள் விழுங்கின! இளைப்பாறின தபாலதிபர் ஐயா ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார்.

“எங்கட பேர் உம்மட கொப்பியில என்னத்துக்கு?”

“நான் இஞ்ச நிண்டதுக்கு ஐயா. வேற ஒண்டுக்குமில்லை.”

“நீர் இஞ்ச நிண்டதை ஆர் கேட்டது?”

“இப்ப ஒருத்தரும் கேக்கேல்ல ஐயா.”

இந்தக் கதையை ஐயாவின் மனைவி என்னிடம் சட்டை தைக்கக் கொடுக்க வந்தபோது சொன்னார். எனக்கு உப்புவெளியில், றோட்டைப் பார்த்த ஜன்னலோடு ஒரு தையல் மெசின். தைப்பது என்னுடைய இரண்டாவது தொழில். சந்தேகப்படுவதுதான் முதலாவது. யார் போகிறார், யாரோடு போகிறார், போன ஆள் ஏன் இன்னும் திரும்பவில்லை, எல்லாம் ஊசி இறங்குகிற நேரத்தில் பார்த்து முடித்துவிடுவேன். அவரைப் பற்றி நான் பார்த்து வைத்தது ஒன்று உண்டு. அதை யாருக்கும் சொல்லவில்லை.

அவர் என்னிடம் மட்டும் ஒருநாளும் மணி கேட்டதில்லை.

சந்தியிலிருந்து வருகிறவர், என் வீட்டு வாசல் படலைக்கு இரண்டு வீடு முன்னாலேயே றோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போய்விடுவார். தலை குனிந்திருக்கும். என் ஜன்னலைத் தாண்டிய பிறகு மறுபடியும் இந்தப் பக்கம் வருவார். வெயிலோ மழையோ இதில் மாற்றம் இல்லை. இந்த மனுசனுக்கு என்மேல் தீராத வன்மம், ஏதோ ஒரு நாளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்குக் காரணம் இருந்தது.

அவர் சல்லிக்காரர். கடலுக்கும் போவார், பைபர் படகுகளுக்கு ஒட்டும் போடுவார். அவர் போட்ட ஒட்டு இளகியதாகக் கதையில்லை. ரெசினைப் பூசி, துணியை வைத்து, மேலே மறுபடி பூசிவிட்டு மற்றவர்கள் காசை வாங்கிக்கொண்டு போவார்கள். இவர் போக மாட்டார். அது காய்ந்து இறுகும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்து, கடைசியில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, சத்தம் திருப்தியாக இருந்தால்தான் எழும்புவார். “ஒட்டுப் போட்டவன் பாத்திருக்க வேணும் அக்கா. பிறகு கடலுக்க போய்ப் பாக்க ஏலாது” என்பார்.

போர் முடிந்து சில வருசம். வன்னியில் ஆமியிடம் அகப்பட்ட என் தம்பி, இயக்கக்காரரை அடைத்து வைக்கிற புனர்வாழ்வு முகாமிலிருந்து வீட்டுக்கு வருகிற நாள் அது. எங்கள் வீட்டில் அவனும் நானும்தான். அவன் வந்து ஆசை தீரக் குளிக்கட்டும் என்றால், கிணற்றடிச் சீமெந்துத் தொட்டி வெடித்துத் தண்ணீர் நிற்கவில்லை. அதற்குத்தான் இவரைக் கூப்பிட்டேன். பின்னேரம் நாலு மணிக்கு வந்தார். வெடிப்பைச் சுரண்டி, ரெசின் பூசி, வழக்கம்போலப் பக்கத்தில் குந்தினார். வீடு முழுக்க அந்த மணம். ஐந்து மணிக்குத் தம்பி வந்தான். முகாமிலிருந்து வந்தவனைக் கண்டதும் அக்கம் பக்கம் கதவைச் சாத்தியது. இவர் எழும்பி வந்து அவனுடைய பையை வாங்கி உள்ளே வைத்தார். மூன்று பேரும் பிளேன்டீ குடித்தோம். ஏழரை மணிபோல் தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இனி நிரப்பிப்போட்டுக் குளியும். ஒழுகாது” என்று சொல்லிப் போனார்.

மூன்று கிழமையில் அவரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள்.

அந்தக் காலத்தில் கடலுக்குப் போகிறவர்கள் கரையிலுள்ள நேவிக் காவலரணில் அடையாள அட்டையைக் கொடுத்து, இலக்கம் அடித்த தகரத் துண்டு ஒன்றை வாங்கிக்கொண்டு போக வேண்டும். திரும்பி வந்து துண்டைக் கொடுத்தால் அட்டை கிடைக்கும். அட்டை இல்லாதவனுக்குக் கடல் இல்லை. கடலில்லாவிட்டால் அடுப்பில்லை. அட்டையைத் தொலைத்தவன் என்ன செய்வான்? மச்சானுடைய அட்டையைக் கொண்டு போவான். அங்கே எல்லாரும் செய்தார்கள். வெயிலில் கறுத்த முகம், தேய்ந்த படம், பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒன்று. அன்று இவருடைய அட்டையை இவருடைய மச்சான் கொண்டு போனான். இவர் தொட்டியடியில் குந்தியிருந்த நேரம் இவருடைய அட்டை காவலரணில் இருந்தது, இவருடைய பேரில் ஒரு படகு கடலில் நின்றது.

அந்தப் படகு அன்று பின்னேரம் வெடிமருந்துப் பொதி ஒன்றைத் துறைமுகத்துக்கு அங்கால் உள்ள கரையில் இறக்கியது என்பதுதான் வழக்கு. மச்சான் அதைச் செய்தானோ இல்லையோ தெரியாது. அவன் அடுத்த கிழமையே கள்ளப் படகில் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். அட்டையின் சொந்தக்காரர் அகப்பட்டார்.

மூன்று மாதம் அவரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று மனைவிக்கே தெரியவில்லை. தெரிந்த பிறகு அந்தப் பெண்பிள்ளை என்னிடம் வந்தது. இடுப்பில் கைக்குழந்தை, பக்கத்தில் பள்ளிக்கூடச் சட்டையோடு மூத்த மகள்.

“அக்கா, அண்டைக்கு இவர் உங்கட வீட்டிலதானே நிண்டவர். லோயரிட்ட ஒருக்கா வந்து சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா விட்டிடுவாங்கள்.”

சொல்லலாம். நாலு மணியிலிருந்து ஏழரை மணிவரை என் வீட்டில் என்று சொல்லலாம். உடனே அடுத்த கேள்வி வரும்: வீட்டில் வேறு யார்? புனர்வாழ்வு முடிந்து அன்றைக்கே வந்த தம்பி. வெடிமருந்து இறக்கின பின்னேரம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்து என்ன கதைத்தார்கள்? பிறகு அவன் எனக்கு இல்லை.

“எண்டைக்குத் தங்கச்சி?” என்றேன். “தொட்டி பூசினது எண்டைக்கு எண்டு எனக்குச் சரியா நினைவில்லை.”

“நினைவில்லையோ?”

கொடியில் காய்ந்துகொண்டிருந்த தம்பியின் சாரத்தை அந்தப் பிள்ளை ஒருமுறை பார்த்தது. பிறகு குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டது.

உள்ளே நின்ற தம்பி எல்லாம் கேட்டிருந்தான். “அக்கா, நான் போய்ச் சொல்லுறன். அந்த மனுசன் என்ர பையைத் தூக்கினவர்” என்றான். “போனியெண்டா நான் இந்தக் கிணத்துக்க குதிப்பன்” என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவனுக்கும் அது தெரிந்தது.

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. ஒரே ஒருநாள் நீதிமன்றத்துக்குப் போனேன். நல்லது செய்யப் போகவில்லை. என் பெயர் வருகிறதா என்று பார்க்கப் போனேன். சந்தைக்குப் போகிறவள்போல் பையும் கையுமாகப் போய்ப் பின்வரிசை வாங்குப் பலகையில் இருந்தேன். அன்று காவலரணில் நின்ற கடற்படைச் சிப்பாய் சாட்சி சொன்னார். அட்டை வாங்கிய பதிவுப் புத்தகம் அவர் முன்னால் இருந்தது.

“அட்டையைத் தந்தவரின் முகத்தைப் பார்த்தீர்களா?” என்று சட்டத்தரணி கேட்டார்.

“அட்டையைப் பார்த்தேன். அட்டை இவருடையது” என்றார் சிப்பாய்.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. கூண்டில் நின்றவர் மெலிந்து கழுத்தெலும்பு தெரிய நின்றார். சனத்தைப் பார்த்துக்கொண்டு வந்தவரின் கண் என்னில் வந்து நின்றது. அடுத்த கணம் முகத்தை வெடுக்கென்று மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு திரும்பவே இல்லை. பையையும் வாங்கிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். படலையில் சத்தம் கேட்டால் விசாரணைக்காரர்தான் என்று நினைப்பேன். ஒருவரும் வரவில்லை. ஒரு வருசம், இரண்டு வருசம், வரவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், இல்லையா? என் புத்தி அப்படிப்பட்டதல்ல. ஏன் வரவில்லை என்று யோசிக்கத் தொடங்கினேன். தான் எங்கே நின்றார் என்று அவர் சொல்லியிருப்பார்தானே. சொன்னால் விசாரிக்க என் வீட்டுக்கு வந்திருப்பார்கள்தானே. வராவிட்டால் என்ன அர்த்தம்? அவர் செய்துதான் இருக்கிறார். தொட்டி பூசினது வேறு நாளாக இருக்கும். தம்பி வந்த நாளைக்கூட நான் சந்தேகப்பட்டேன் என்றால் பாருங்கள்! அப்படி நினைத்த இரவுகளில் நன்றாக நித்திரை வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாலாம் வருசம் தம்பி கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தான். இனி என்ன பயம், போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. இவ்வளவு காலம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று அதற்கும் ஒரு சாட்டுக் கண்டுபிடித்தேன். ஐந்தாம் வருசம் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டால் ஒரு வருசப் புனர்வாழ்வோடு விடுவார்கள், மறுத்தால் இன்னும் எத்தனை வருசமோ தெரியாது என்று சொல்லியிருந்தார்களாம். ஊர் சொன்னது, “பாத்தியளோ, செய்தவன்தான்.” நானும் ஓம் என்றேன்.

ஆறாம் வருசம் வீட்டுக்கு வந்தார். வந்தவர் கையில்தான் அந்தக் கொப்பி.

ஊருக்கு இப்போது வேறு சந்தேகம். இவ்வளவு பெரிய வழக்கில் போனவனை எப்படி வெளியில் விட்டார்கள்? யாருக்காக எழுதுகிறான்? கடையில் அவர் வந்தால் கதை நிற்கும். நாலு பேர் கூடிநின்றால் அவரைக் கண்டதும் “மணி வருது” என்று சொல்லிக் கலைவார்கள். அதே ஆட்களிடம் அவர் அடுத்த நாள் போய், “என்னைக் கண்டனீங்கள்தானே?” என்று கேட்பார்.

சிறையிலிருந்து வெளியில் வந்தவர்களைப் பற்றிப் புலனாய்வுக்காரர் அவ்வப்போது விசாரிக்க வருவார்கள். அப்படி ஒருநாள் பகல் பதினொரு மணிக்கு மோட்டார் சைக்கிளில் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். நல்ல மரியாதையாகக் கதைத்தார். கதிரை கொடுத்து, தேநீரும் வைத்தேன்.

“பயப்பிடாதீங்க அம்மா. அந்த ஆளப் பத்தித்தான். யாரோட பழக்கம், எங்க போறது, ஏதும் தெரியுமா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே பழகின சொல்தானே. ஆனால் அன்று என் வாய்க்கு வேறு புத்தி வந்தது. இவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை என் பக்கம் பார்க்க மாட்டார்கள் என்று ஒரு கணக்கு உள்ளே ஓடியது.

“எனக்கென்ன தெரியும் ஐயா. ஆனா ஒரு கொப்பி வச்சிருக்கிறார். ஆக்களின்ர பேரும் நேரமும் எழுதுறார்” என்றேன்.

வந்தவர் தேநீரை முடிக்காமல் எழும்பினார். அன்று பின்னேரமே கொப்பிக்காரரைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு நாள் வைத்திருந்து விசாரித்தார்கள். கொப்பியில் பெயர் இருந்த எல்லாரையும் கூப்பிட்டார்கள். பாண்காரர், கொண்டக்டர், சலூன்காரர், தபாலதிபர் ஐயா. ஐயா திரும்பி வந்து சந்தியில் நின்று சத்தம் போட்டார்: “இவனால இந்த வயசில நான் பொலிசு வாங்கில போய்க் குந்தினன்! எத்தினை வீடு இருக்கு, ஒரு பிரச்சினையும் இல்லாத எங்களையா பாத்துப் பாத்து எழுதினவன்?”

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான். கூப்பிட்ட ஆட்களை வைத்துப் பார்த்தால், அந்தக் கொப்பியில் பிள்ளை இயக்கத்தில் இருந்த வீடோ, முகாமுக்குப் போய் வந்த வீடோ ஒன்றுகூட இல்லை. அப்படிப்பட்டவர்கள் எங்கள் றோட்டிலேயே ஆறு வீடு. ஒருவருடைய பெயரும் இல்லை.

நாலு நாள் கழித்து அவருடைய மனைவி என் படலையில் நின்றது. சண்டைக்குத்தான் என்று நினைத்து மெசினை விட்டு எழும்பினேன். அந்தப் பிள்ளையின் முகத்தில் சண்டை இல்லை, களைப்புத்தான் இருந்தது.

“அக்கா, ஒருக்கா வாங்கோ. கொப்பியைப் பறிச்சதில இருந்து அவர் வெளியில போறாரில்லை. சாப்பாடும் இல்லை, கதையும் இல்லை. உங்களோட எண்டாலும் கதைப்பாரோ எண்டு பாக்கத்தான் வந்தனான்.”

“என்னோடயோ? என்ர வீட்டுப் பக்கமே திரும்பிப் பாக்காத மனுசன்!”

“ஏன் பாக்கிறேல்ல எண்டு உங்களுக்கு உண்மையாவே தெரியாதோ?”

நான் படலையைத் திறந்துவிட்டேன்.

“அண்டைக்கு எங்க நிண்டனீ எண்டு கேட்டுக் கேட்டு அடிச்சவங்கள். கடற்கரையில தனியப் படுத்திருந்தனான் எண்டுதான் சொன்னவர். லோயரிட்டையும் அதுதான். கடைசி மட்டும் அதுதான். நான் உங்களிட்ட வந்து கேட்டது அவருக்குத் தெரியாது. பிறகு பாக்கப் போன இடத்தில சொன்னன். கம்பிக்கு அங்கால நிண்டு என்னைப் பேசின பேச்சு! ‘அந்தப் பொடியன் வந்து ஒரு வருசம்கூட ஆகேல்லயடி, அவனைத் திருப்பி உள்ளுக்க அனுப்பச் சொல்லுறியோ’ எண்டு. இனி அந்த வீட்டுப் படலையில கை வச்சா என்னைப் பாக்க வராதை எண்டார்.”

எனக்கு அழுகை வரவில்லை. வெட்கம் வந்தது. இத்தனை வருசம் நான் என் தம்பியைக் காப்பாற்றினேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேனே! காப்பாற்றியது நான் இல்லை. அடி வாங்கினவன் வாயைத் திறக்காததால் தப்பினோம். அந்த மனுசனைத்தான் நான் கதிரை போட்டுக் காட்டிக் கொடுத்தேன்.

சல்லிக்குப் போனேன். ஒட்டுப்போட வைத்திருந்த படகொன்றின் நிழலில் அவர் இருந்தார். என்னைக் கண்டதும் றோட்டுப் பக்கம் பார்த்தார், யாரும் காண்கிறார்களோ என்று. அப்போதும் எனக்காகத்தான் பார்த்தார்.

“கொப்பியைப் பற்றிச் சொன்னது நான்தான்” என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. “அண்டைக்கு நினைவில்லை எண்டதும் பொய். எல்லாம் நினைவிருந்தது.”

மனைவி இரண்டு பிளேன்டீ கொண்டுவந்து வைத்தது. அவர் கோப்பையை எடுத்தார். நாலு நாளைக்குப் பிறகு அவர் வாயில் பட்டது அதுதானாம்.

“தம்பி எப்பிடி இருக்கிறான்?” என்று கேட்டார்.

“கனடாவில. கல்யாணம் முடிச்சு ரெண்டு பிள்ளையள்.”

“அப்ப சரி” என்றார்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அதன் பிறகு அவர் கொப்பி வைத்திருக்கவில்லை. மணி கேட்பதும் மெல்ல மெல்லக் குறைந்தது. ஆனால் சனத்தைக் கண்டால் பதுங்கப் பழகிவிட்டார். போன மாரியில் நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. செத்த வீட்டுக்கு ஊரில் பாதிச் சனம் வரவில்லை.

அவருடைய முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்து, இதை எழுதினேன். தம்பி முகாமிலிருந்து வந்த அன்று பின்னேரம் நாலு மணியிலிருந்து ஏழரை மணிவரை அவர் என் வீட்டுக் கிணற்றடியில் இருந்தார். நான் கண்டேன். தம்பியும் கண்டான். இதை எந்த நீதிமன்றத்திலும் சொல்ல நான் தயார் என்று எழுதி, கீழே என் பெயரை வைத்து, அவருடைய மனைவியிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன்.

“இதில அவற்ர பேரையும் முழுசாப் போடுறன் தங்கச்சி. ஊர் அறியட்டும்” என்றேன்.

அந்தப் பிள்ளை கடதாசியை வாங்கி, என் பெயர் இருந்த இடத்தையும் அவருடைய பெயர் வர வேண்டிய இடத்தையும் பார்த்தது.

“ரெண்டு பேற்ர பேரும் வேண்டாம் அக்கா. திரும்பவும் கேட்டு வருவாங்கள்” என்றது. “மூத்தவள் இப்பதான் கம்பஸுக்கு எடுபட்டிருக்கிறாள்.”